எங்க ஏரியா தண்ணி எப்போது உப்பானது?

போன மாசம் எங்க வீட்டு கீசர் சூடாவதை நிறுத்திக்கொண்டது. பழுது பார்க்க வந்தவர் காயிலைக் கழற்றி வெளியே எடுத்தார். அது காயில் மாதிரியே இல்லை. சுண்ணாம்பு பூசிய குச்சி மாதிரி, சுற்றிலும் விரல் தடிமனுக்கு வெள்ளை ஓடு. ஸ்க்ரூடிரைவரால் தட்டினார், பாளம் பாளமாக உதிர்ந்தது. "வாங்கி எவ்ளோ நாள் ஆச்சு?" என்றார். இரண்டு வருஷம்கூட ஆகவில்லை என்றேன். "இந்த ஏரியா தண்ணி அப்படித்தான் தம்பி" என்று சொல்லிவிட்டு, புதுக் காயிலுக்குக் காசு வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

திண்ணையில் உட்கார்ந்திருந்த பாட்டிக்கு அது பிடிக்கவில்லை. "என்னடா அப்படித்தான்? 1974-ல நாங்க இங்க வீடு கட்டினப்ப கிணத்துத் தண்ணியிலதான் சமையலே. பருப்பு பூ மாதிரி வேகும். சோப்பு போட்டா நுரை போறதுக்கு நாலு சொம்பு ஊத்தணும்" என்றார்.

எனக்கு அங்கேதான் பொறி தட்டியது. அதே குரோம்பேட்டை, அதே மனை. ஐம்பது வருஷத்தில் தண்ணி மட்டும் மாறியிருக்கிறது. அப்படியானால் "இந்த ஏரியா தண்ணி" என்பது இயற்கை கொடுத்தது மட்டும் இல்லை, அதற்கு ஒரு வரலாறு இருக்க வேண்டும். அதைத் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உப்பு கரிக்காத உப்புத் தண்ணி

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நாம் "உப்புத் தண்ணி" என்று ஒரே பெயரில் இரண்டு விஷயங்களைச் சொல்கிறோம். ஒன்று, வாயில் வைத்தால் கரிக்கிற தண்ணீர். அதில் இருப்பது சமையல் உப்பு, அதாவது சோடியம் குளோரைடு. இன்னொன்று, அவ்வளவாகக் கரிக்காது, ஆனால் சோப்பு நுரைக்காது, பாத்திரத்தில் வெள்ளை படியும். இதற்குப் பள்ளிக்கூடப் புத்தகத்தில் கடின நீர் என்று பெயர். இதில் கரைந்திருப்பவை கால்சியமும் மக்னீசியமும். நம் போர் தண்ணியில் பல சமயம் இரண்டுமே கலந்திருக்கும் என்பதால் ஒரே பெயர் ஒட்டிக்கொண்டது.

கிராமத்தில் இதைச் சோதிக்க ஆய்வகம் தேவைப்படவில்லை. நல்ல தண்ணிக் கிணறு, உப்புத் தண்ணிக் கிணறு என்று தனித்தனியாக இருக்கும். பருப்பு வேகிற தண்ணி நல்ல தண்ணி, அவ்வளவுதான். இந்தச் சோதனையில் அறிவியலும் இருக்கிறது. பருப்பின் செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் என்ற பொருளோடு கால்சியம் சேர்ந்தால் அது இறுகிவிடும், கொதிக்க வைத்தாலும் குழையாது. அம்மா குக்கரில் ஒரு சிட்டிகை ஆப்ப சோடா போடுவது அந்த இறுக்கத்தை உடைக்கத்தான்.

சோப்பை வைத்து அளந்தவர்

கடினத்தன்மையை முதலில் எண்ணாக அளக்க வழி செய்தவர்களில் முக்கியமானவர் தாமஸ் கிளார்க். ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் மாரிஷல் கல்லூரியில் வேதியியல் பேராசிரியர். அவர் சோதனை நம் அம்மாக்களின் சோதனை மாதிரியேதான்: தண்ணீரில் சோப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்க வேண்டும். நிலையான நுரை வர எவ்வளவு சோப்பு செலவாகிறதோ அதுதான் கடினத்தன்மையின் அளவு.

ஏன் செலவாகிறது? சோப்பு என்பது சோடியம் ஸ்டியரேட் போன்ற உப்புகள். தண்ணீரில் கால்சியம் இருந்தால் அது சோடியத்தைத் தள்ளிவிட்டு சோப்போடு ஒட்டிக்கொள்ளும். கரையாத, பிசுபிசுப்பான கால்சியம் ஸ்டியரேட் உருவாகும். பக்கெட் விளிம்பில் சாம்பல் நிறத்தில் ஒரு வளையம் படியுமே, அதுதான் இது. தண்ணீரில் உள்ள கால்சியம் முழுக்க இப்படித் தீர்ந்த பிறகே நுரை வரும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். லிட்டருக்கு 500 மில்லிகிராம் கடினத்தன்மை உள்ள தண்ணீர், 15 லிட்டர் பக்கெட். அந்தத் தண்ணீர் முழுவதையும் நுரைக்க வைக்க வேண்டுமானால் முதல் நுரைக்கு முன்பே சுமார் 45 கிராம் சுத்தமான சோப்பு வீணாகும். ஏறக்குறைய அரைக்கட்டி! நாம் பக்கெட் முழுக்க சோப்பு கரைப்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் சோப்பு ஏன் சீக்கிரம் தேய்கிறது என்பது இப்போது புரியும்.

இந்திய தர நிர்ணய அமைப்பின் குடிநீர் விதியில் (2012) கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீராதாரம் இல்லாவிட்டால் 600 வரை அனுமதி. "வேறு இல்லாவிட்டால்" என்ற அந்த வார்த்தையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எங்க ஊர் கதையே அதில்தான் இருக்கிறது.

ரயில் வந்தது, குழாய் வரவில்லை

சென்னையின் தண்ணீர் வரலாறு வடக்கே தொடங்குகிறது. 1772-ல் கேப்டன் பேக்கர் என்பவரின் திட்டப்படி ஏழு கிணறு பகுதியிலிருந்து ஜார்ஜ் கோட்டைக்குத் தண்ணீர் போனது. அந்தத் தண்ணீர் கோட்டைக்குள் இருந்தவர்களுக்குத்தான். ஊர் ஜனங்கள் தங்கள் கிணறு, குளத்தோடு இருந்தார்கள்.

அடுத்த நூறு வருஷம் கழித்து, 1872-ல், கொசஸ்தலையாற்று நீர் சோழவரம் வழியாகச் செங்குன்றம் ஏரிக்கு வந்து, அங்கிருந்து திறந்த கால்வாயில் கீழ்ப்பாக்கத்துக்கு வந்தது. 1914-ல் கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகளும் பம்பிங் ஸ்டேஷனும் வந்தன. அதைத் திட்டமிட்ட பொறியாளர் மேட்லி. (தி.நகர் மேட்லி ரோடு அவர் பெயரில்தான்.) 1944-ல் பூண்டி நீர்த்தேக்கம் சேர்ந்தது.

இந்த ஏரிகளில் நிற்பது பெரும்பாலும் மழைநீர். பாறைக்குள் வருஷக்கணக்கில் ஊறாத தண்ணீர், அதனால் கடினத்தன்மை குறைவு. நகரத்துக்குள் இருந்தவர்களுக்கு மென்மையான தண்ணீர் பொதுச் செலவில் குழாயில் வந்தது. ஆனால் அந்தக் குழாய் நகர எல்லையோடு நின்றுவிட்டது.

எல்லைக்கு வெளியே ஊர் வளர்ந்தது ரயிலால். 1931-ல் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1937-ல் கிறித்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனிலிருந்து தாம்பரத்துக்கு இடம் மாறியது. குரோம்பேட்டைக்குப் பெயரே இங்கே இருந்த குரோம் தோல் தொழிற்சாலையால் வந்ததுதான். மனை மலிவு, ஸ்டேஷன் பக்கம், வேலைக்கு எலெக்ட்ரிக் டிரெயின். என் தாத்தா மாதிரி ஆயிரக்கணக்கானவர்கள் இந்தக் கணக்கை நம்பித்தான் வந்தார்கள். தண்ணீருக்கு? வீட்டுக்கு ஒரு கிணறு. பிற்பாடு பாலாற்றுப் படுகையிலிருந்து நகராட்சிக் குழாய் வந்தது, ஆனால் அது தெருக்குழாயில் குடம் பிடிக்கத்தான் போதுமாக இருந்தது. குளிக்க, துவைக்க, கழுவ எல்லாம் சொந்தக் கிணறுதான்.

முப்பது அடியிலிருந்து முன்னூறு அடிக்கு

அந்தக் கிணறு ஏன் இனித்தது? எங்க பக்கம் நிலத்தடியில் இருப்பது சார்னோக்கைட் என்ற கரும்பாறை. பல்லாவரம், பரங்கிமலை எல்லாம் இதே பாறைதான். இந்தப் பாறைக்குப் பெயர் வந்த கதை சுவாரசியமானது. கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேய வணிகரின் கல்லறைக்கல் இந்த வகைக் கல்லால் ஆனது. 1893-ல் தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் அவர் பெயரையே பாறைக்கு வைத்துவிட்டார்.

இந்தப் பாறையில் தண்ணீரைத் தேக்கும் துளைகள் கிடையாது. மேலே சிதைந்த மண்ணும் சரளையும் இருக்கும் அடுக்கில் மழைநீர் தங்கும். அதற்குக் கீழே, பாறை வெடிப்புகளில் மட்டும்தான் நீர். பாட்டியின் முப்பதடிக் கிணறு மேல் அடுக்கைத் தொட்டது. ஐப்பசி, கார்த்திகையில் பெய்த மழை தை மாசம் கிணற்றில் இருக்கும். பக்கத்தில் ஏரியும் இருந்தது, அது கசிந்து கசிந்து கிணற்றை நிரப்பும். புது மழைநீர், அதனால் மென்மை.

பிறகு இரண்டு விஷயங்கள் நடந்தன. ஒன்று, ஏரிகள் சுருங்கின. பாசனத்துக்கு வெட்டிய ஏரிகளுக்கு வயல் போனதும் வேலை போய்விட்டது, கரையோரம் வீடுகள் வந்தன. பல்லாவரம் பெரிய ஏரியை ரேடியல் ரோடு குறுக்கே வெட்டிக்கொண்டு போவதை 200 அடி ரோட்டில் போகிறவர்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். வீடுகள் பெருகின, பாதாளச் சாக்கடை இல்லாததால் வீட்டுக்கு ஒரு செப்டிக் டேங்க், அதன் கசிவும் அதே மேல் அடுக்கில். தோல் பதனிடும் தொழிலில் தோல் கெடாமல் இருக்க உப்பு நிறையப் போடுவார்கள். பல்லாவரம் வட்டாரத்தில் அந்தக் கழிவும் நிலத்தடி நீரில் சேர்ந்தது.

இரண்டாவது, ரிக் வண்டி. கடினப் பாறையைக் காற்றழுத்தச் சுத்தியலால் வேகமாகத் துளைக்கும் இயந்திரங்கள் 1960-களின் கடைசியில் வறட்சி நிவாரணத்துக்காக யுனிசெஃப் உதவியோடு இந்தியாவுக்கு வந்தன. கிராமத்துக்கு ஒரு கைபம்பு என்பதுதான் நோக்கம். கொஞ்ச வருஷத்தில் அதே தொழில்நுட்பம் தனியார் கைக்கு வந்தது. இன்றைக்கு இந்தியா முழுக்கப் போர் போடுகிற ரிக் வண்டிகளில் பாதியாவது திருச்செங்கோட்டு வண்டியோ என்று தோன்றும், அவ்வளவு பெயர் பெற்ற ஊர் அது. கிணறு வற்றியபோது தூர் வாருவதை விட போர் போடுவது சுலபமாகிவிட்டது. நூறு அடி, இருநூறு, முன்னூறு. எங்க வீட்டில் கிணற்றை மூடி அதன் மேல்தான் இப்போது பைக் நிறுத்துகிறோம்.

ஆழத்தில் இருப்பது பழைய தண்ணீர். மழைநீர் மண்ணில் இறங்கும்போது கார்பன் டை ஆக்சைடைச் சேர்த்துக்கொண்டு லேசான அமிலமாகும். அது பாறைக் கனிமங்களையும் மண்ணில் உள்ள சுக்கான் கல்லையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். சார்னோக்கைட்டில் கால்சியமும் மக்னீசியமும் உள்ள கனிமங்கள் உண்டு. எவ்வளவு காலம் தங்குகிறதோ அவ்வளவு கரையும். ஆக, பாறை மாறவில்லை. நாம்தான் அதற்குள் ஆழமாகப் போனோம். போன வருஷத்து மழையைக் குடித்த வீடு, பல வருஷத்து ஊறலை எடுக்க ஆரம்பித்தது.

வீடு எப்படி மாறியது

இந்த மாற்றத்துக்கு ஏற்ப வீட்டுப் பொருள்களும் மாறின. பாட்டி காலத்துத் தலைக்குளியல் சீயக்காய், அரப்பு. இவற்றில் நுரை தருவது சபோனின். அது சோப்பைப் போல கால்சியத்தோடு சேர்ந்து திரியாது. அந்தக் கால சலவைத் தொழிலாளர்கள் பயன்படுத்திய உவர்மண்ணில் சோடியம் கார்பனேட் இருக்கும். அது கால்சியத்தைப் படிய வைத்துத் தண்ணீரை மென்மையாக்கிவிடும். பெயர் தெரியாமலே கடின நீர் வேதியியல் கையில் இருந்திருக்கிறது.

துணிக்கு பார் சோப்பு போய்ப் பவுடர் வந்தது. 1959-ல் சர்ஃப், 1969-ல் நிர்மா. செயற்கை டிடர்ஜென்ட்கள் கடின நீரிலும் சோப்பைப் போலத் திரிவதில்லை. நிர்மா ஜெயித்ததற்கு விலைதான் பெரிய காரணம். ஆனால் போர் தண்ணி வீடுகளில் இன்னொரு காரணமும் இருந்தது, அதில் நுரை வந்தது!

கீசர் விஷயம் கொஞ்சம் வேறு. கால்சியம் பைகார்பனேட் சூடானால் சிதைந்து கால்சியம் கார்பனேட்டாகப் படியும். கீசரில் மிகச் சூடான இடம் காயில், அதனால் அங்கேதான் முதலில் படியும். படிந்த ஓடு வெப்பத்தைத் தண்ணீருக்கு விடாது. கரண்டு கூடுதலாகும், கடைசியில் காயில் தன் சூட்டிலேயே எரிந்துபோகும். ஷவர் துளை அடைப்பது, எவர்சில்வர் குடத்தில் வெள்ளைத் திட்டு, டைல்ஸ் கறை எல்லாம் இதே குடும்பம்தான்.

உடம்புக்கு? முடி கொட்டுவதற்கும் கிட்னியில் கல் வருவதற்கும் இந்தத் தண்ணிதான் காரணம் என்று தெருவில் எல்லோரும் சொல்வோம். உலக சுகாதார நிறுவனம் கடினத்தன்மைக்கு உடல்நலம் சார்ந்த வரம்பு எதுவும் வைக்கவில்லை. 2011-ல் இங்கிலாந்தில் எக்ஸிமா உள்ள 336 குழந்தைகளிடம் நடந்த சோதனையில், வீட்டில் தண்ணீரை மென்மையாக்கும் கருவி வைத்ததால் தோல் நோய்க்குக் கூடுதல் பலன் கிடைக்கவில்லை. அதனால் கடின நீரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது பிடுங்குவது உடம்பை விடப் பர்ஸைத்தான்.

ஆளுக்கொரு தீர்வு

பர்ஸ் என்று சொன்னேனே, கணக்குப் பாருங்கள். குடிக்க கேன் தண்ணி அல்லது ஆர்.ஓ. மெஷின். வீட்டு ஆர்.ஓ.வில் ஒரு லிட்டர் நல்ல தண்ணி வர சுமார் மூன்று லிட்டர் கழிவாகப் போகும். அந்தக் கழிவு நீர் முதலில் இருந்ததை விட இன்னும் கடினம். அதை வைத்துப் பாத்திரம் கழுவிவிட்டு வெள்ளைத் திட்டு என்று அலுத்துக்கொள்கிறோம். அபார்ட்மென்ட்களில் சாஃப்ட்னர் வைக்கிறார்கள். அது கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தை விடும். மொத்த உப்பு குறையாது. அவ்வப்போது மூட்டை மூட்டையாக உப்பு கரைத்து அதைக் கழுவ வேண்டும். அந்த உப்புநீர் வெளியே போய் எங்கே இறங்கும்? திரும்ப நிலத்தடிக்குத்தான். உப்புத் தண்ணியைச் சரி செய்ய உப்பு!

கோடையில் லாரித் தண்ணி. அந்த லாரி நல்ல தண்ணியை எங்கிருந்து எடுக்கிறது? நமக்கும் வெளியே உள்ள கிராமத்து விவசாயக் கிணறுகளிலிருந்து. ஐம்பது வருஷம் முன்னால் குரோம்பேட்டை எப்படி இருந்ததோ அப்படி இருக்கிற ஊர்கள் அவை. 2019 ஜூனில் ஏரிகள் வற்றி, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தபோது ஊரே செய்தியானது. புறநகருக்கு அது புதுச் செய்தி இல்லை.

அரசு எதுவும் செய்யவில்லை என்றும் சொல்லக்கூடாது. 1978-ல் குடிநீர் வாரியம் வந்தது. 1987-ல் சென்னைப் பெருநகர நிலத்தடி நீரை முறைப்படுத்தும் சட்டம் வந்தது. 1996-ல் கிருஷ்ணா நீர் பூண்டிக்கு வந்தது. 2003-ல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது, 2004-ல் வீராணம் தண்ணீர் வந்தது. கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் மீஞ்சூரில் 2010-லும் நெம்மேலியில் 2013-லும், நெம்மேலியிலேயே இன்னொன்று 2024-லும் வந்தன. 2011-ல் மாநகராட்சி எல்லை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோது ஆலந்தூர் உள்ளே போனது, பல்லாவரமும் குரோம்பேட்டையும் வெளியே நின்றன. 2021-ல்தான் நாங்கள் தாம்பரம் மாநகராட்சி ஆனோம். எல்லைக்கோடு எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்து பக்கெட்டில் நுரை!

ஆளுக்கொரு தீர்வுதான் ஒரே வழி என்பதும் இல்லை. மேலே சொன்ன கிளார்க் 1841-ல் ஒரு காப்புரிமை வாங்கினார். தண்ணீரில் நீற்றின சுண்ணாம்பு கலந்தால் கரைந்திருக்கும் பைகார்பனேட் கார்பனேட்டாக மாறிக் கீழே படிந்துவிடும். சுண்ணாம்பை எடுக்கச் சுண்ணாம்பு! 1854-ல் லண்டனை ஒட்டிய பிளம்ஸ்டெட்டில் ஊருக்கே இப்படி மென்மையாக்கிய தண்ணீர் கொடுத்தார்கள். வீட்டுக்கு வீடு மெஷின் வாங்காமல், ஊருக்குப் பொதுவாக ஒரே இடத்தில் செய்தார்கள் என்பதுதான் முக்கியம்.

அவ்வளவு தூரம் ஏன், சில ஸ்டேஷன் தள்ளி ஆலந்தூரைப் பாருங்கள். 2000-ஐ ஒட்டிய வருஷங்களில் அந்த நகராட்சியில் வீட்டுக்கு 5,000 ரூபாய் மக்களே முன்பணமாகக் கட்டிப் பாதாளச் சாக்கடை கொண்டுவந்தார்கள். நம் தெருவில் ஒவ்வொரு வீடும் ஆர்.ஓ., கீசர் காயில், கேன், லாரி என்று கொட்டுகிற பணத்தைக் கூட்டிப் பார்த்தால், பொதுவாக ஒன்று செய்யப் பணம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. தனித்தனியாகக் கொடுப்பதால் கணக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

கடைசியாக ஒன்று. மேல் வரிசையில் மழைநீர் சேகரிப்பை வெறும் வருஷமாகச் சொல்லிவிட்டுப் போனேன். எனக்கு இப்போது அதுதான் பெரிய விஷயமாகத் தெரிகிறது. வானத்திலிருந்து விழும்போது தண்ணீரில் கடினம் ஏறக்குறைய இல்லை. அதைச் சாக்கடையில் விட்டுவிட்டு முன்னூறு அடியிலிருந்து பாறைத் தண்ணீரை எடுத்து, பிறகு அதை மென்மையாக்க மெஷின் வாங்குகிறோம். போன ஐப்பசியில் பாட்டி சொல்லி, மொட்டை மாடிக் குழாய்க்கு அடியில் ஒரு டிரம் வைத்தோம். முதல் மழையை விட்டுவிட்டு இரண்டாவது மழையைப் பிடித்து, வெள்ளைத் துணியில் வடிகட்டி, காய்ச்சினோம். அதில் பருப்பு போட்டார் பாட்டி. சோடா போடவில்லை. மூன்று விசிலில் பூவாக வெந்திருந்தது.

இந்த வருஷம் மழைக்கு முன் பைக்கை நகர்த்திவிட்டு அந்தக் கிணற்றைத் திறந்து, மாடிக் குழாயை அதற்குள் விடலாம் என்று அப்பாவிடம் கேட்டிருக்கிறேன். "பார்க்கலாம்" என்றிருக்கிறார். எங்க வீட்டில் "பார்க்கலாம்" என்றால் பாதி சம்மதம் :-)

உங்க வீட்டில் பருப்புக்கு எத்தனை விசில்?